விக்டோரியா ஏரியின் மீன்வளக் கணக்கு

ஆப்பிரிக்கக் கண்டத்தின் கிழக்குப் பகுதியில், நிலநடுக்கோடு ஊடறுத்துச் செல்லும் மேட்டு நிலத்தில், ஒரு பெரிய நீர்ப்பரப்பு உளது. கடல்மட்டத்திற்கு மேல் 1,134 மீட்டர் உயரத்தில் அமைந்த அதன் பரப்பு ஏறத்தாழ 68,800 சதுரக் கிலோமீட்டர். உலகில் உள்ள நன்னீர் ஏரிகளுள் வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரி ஒன்றே பரப்பால் இதனினும் பெரியது. இதுவே விக்டோரியா ஏரி.

ஏரி என்னும் சொல்லைக் கேட்ட அளவில் கரை கட்டித் தேக்கிய நீரும், மதகும், மதகின் கீழ் விளையும் வயலும் நம் நினைவிற்கு வரும். அந்நினைவைச் சிறிது விலக்கிவைத்து இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு கரையில் நின்றால் மறுகரை தோன்றாது. திடீரெனப் புயல் எழும், அலை மோதும், படகு கவிழும், ஆண்டுதோறும் மீனவர் பலர் உயிர் இழப்பர். ஆயினும் நீரோ பருகுதற்குரிய நன்னீர். நன்னீர்க் கடல் என்றால் இதற்குப் பொருந்தும். ஆனால் ஆழம் கடலுக்குரிய ஆழம் அன்று. மிக ஆழமான இடத்திலும் ஏறத்தாழ 80 மீட்டர்தான். சராசரி அதில் பாதியே. பரந்து கிடக்கும் ஆழமற்ற நீரில் கதிரவன் ஒளி நன்கு படியும். ஆதலால் மீன் செழித்து வளரும்.

1858-ஆம் ஆண்டில் ஸ்பீக் என்னும் ஆங்கிலேயர் இதன் தென்கரையை அடைந்து, தம் நாட்டு அரசியின் பெயரை இதற்கு இட்டார். அதற்குப் பன்னெடுங்காலம் முன்பே கரைவாழ் மக்கள் தத்தம் மொழியில் இதற்குப் பெயர் வைத்திருந்தனர். கண்டா மக்கள் 'நலுபாலே' என்றனர்; லூவோ மக்கள் 'நாம் லோல்வே' என்றனர். பெயர் இட வந்தவர் பெயர் கேட்க மறந்தார் போலும். இவ்வேரியின் வடகரையில் உள்ள ஜிஞ்சா என்னும் ஊரருகே நீர் வெளியேறி, நைல் ஆறாகத் தன் நெடும் பயணத்தைத் தொடங்குகின்றது.

இவ்வேரி ஒரு நாட்டிற்கு உரியது அன்று. நூற்றில் ஏறத்தாழ 51 பங்கு தான்சானியாவிற்கும், 43 பங்கு உகாண்டாவிற்கும், 6 பங்கு கென்யாவிற்கும் உரியன. நிலப்படத்தில் நீரின்மேல் கோடுகள் வரையப்பட்டுள்ளன. நீரின்மேல் கோடு நில்லாது என்பதை யாரும் அறிவர். மீன் அக்கோட்டை அறியாது, காற்று அறியாது, மீனைத் தொடர்ந்து செல்லும் மீனவனும் பல வேளைகளில் அதனை அறியான். கென்யாவிற்கு உரிய பங்கு மிகச் சிறிது. ஆனால் அக்கரையில் மக்கள் தொகை மிகப் பெரிது. ஆதலால் அங்குள்ள மீனவர் எல்லையைக் கடந்து மீன் பிடிப்பதும், பிற நாட்டுக் காவலர் அவர்களைத் தடுப்பதும் அடிக்கடி நிகழ்வன.

மூன்று நாட்டார் ஒரு கிணற்றில் நீர் இறைப்பது போன்றது இந்நிலை. ஒருவர் எத்தனை குடம் இறைத்தார் என்பது மற்ற இருவர்க்கும் தெரியாவிடில், கிணறு வற்றும் நாளில் ஒருவரையொருவர் பழிப்பதன்றி வேறொன்றும் நிகழாது. ஆதலின் இவ்வேரியின் வரலாற்றில் மீன் பிடித்தலைப் போலவே மீன்பிடிப்பைக் கணக்கிடுதலும் பெருஞ்செயலாயிற்று. அக்கணக்கு எவ்வாறு தொடங்கிற்று, எவ்வாறு தடைப்பட்டது, இன்று எவ்வாறு நடைபெறுகின்றது என்பனவற்றை இப்பாடத்தில் காண்போம்.

பண்டைக் காலத்தில் இக்கரை மக்கள் நாணலாலும் கோரையாலும் கூடைப் பொறி பின்னியும், தூண்டில் இட்டும் மீன் பிடித்தனர். செசே தீவினர் பலகைகளை நாரால் தைத்துப் படகு சமைத்தனர். பிடித்த மீன் ஊருக்குப் போதுமானதாக இருந்தது. மிகுதியாகப் பிடித்தாலும் அதனைக் கொண்டுசெல்லும் வழி இல்லை. 1901-ஆம் ஆண்டில் இந்தியப் பெருங்கடற்கரையிலுள்ள மொம்பாசாவிலிருந்து புகைவண்டிப் பாதை ஏரிக்கரையை அடைந்தது. அதன் முடிவில் இருந்த துறையே இன்றைய கிசுமு நகரம். 1905-ஆம் ஆண்டளவில் ஐரோப்பாவிலிருந்து செவுள்வலை வந்து சேர்ந்தது. நீரில் சுவர்போல் நிற்கும் இவ்வலையின் கண்ணில் தலையை நுழைத்த மீன், உடல் நுழையாமலும், செவுள் மாட்டிக்கொண்டமையால் பின்வாங்க இயலாமலும் நின்றுவிடும். வலையும் வண்டியும் ஒருசேர வந்தமையால், ஊருக்குப் பிடித்த மீன் தொலைவிலுள்ள சந்தைக்கும் பிடிக்கப்பட்டது.

அக்காலத்தில் எல்லாரும் விரும்பிய மீன் 'ங்கேகே' என்பது. இது திலேப்பியா இனத்தது, சுவை மிக்கது. முதலில் ஒரு வலைக்கு இருபது, முப்பது எனக் கிடைத்த இம்மீன், சில ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணும் அளவிற்குக் குறைந்தது. குறைவு கண்ட மீனவர் யாது செய்வர்? வலையின் கண்ணைச் சிறிதாக்கினர். சிறுகண் வலையில் இளமீன் அகப்பட்டது. இளமீன் அகப்பட்டால் அது வளர்ந்து முட்டையிடுவது எவ்வாறு?

இந்நிலையை ஆராய்வதற்காக 1927-ஆம் ஆண்டில் மைக்கேல் கிரகாம் என்னும் மீன்வள அறிஞர் அனுப்பப்பட்டார். அந்நாளில் மூன்று நிலப்பகுதிகளும் ஆங்கிலேயர் ஆட்சியின்கீழ் இருந்தமையால், எல்லைத் தடையின்றி ஏரி முழுவதையும் சுற்றிப் பார்த்தல் அவர்க்கு இயன்றது. 1928 வரை நடந்த அவ்வாராய்ச்சியே இவ்வேரியின் முதல் மீன்வள அளவீடு. அதன் அறிக்கை 1929-இல் வெளிவந்தது. அதில் கூறியவற்றுள் இரண்டு கருத்துகள் இன்றும் நினைக்கத் தக்கன. ஒன்று, செவுள்வலையின் கண் ஐந்து அங்குலத்திற்குக் குறையலாகாது என்பது. மற்றொன்று, பிற மீனை உண்டு வாழும் பெருமீன் எதனையும் வேற்றிடத்திலிருந்து கொணர்ந்து இவ்வேரியில் விடுதல், நன்கு ஆராயாமல் செய்யப்படுமானால், மிகுந்த கேட்டினை விளைக்கும் என்பது.

முதற் கருத்து சட்டமாயிற்று. ஆயினும் அது நெடுநாள் நிலைக்கவில்லை. ஒரு கரையில் வலைக்கண்ணை அளந்து தண்டம் விதிக்கும்போது, மறுகரையில் சிறுகண் வலை விற்கப்படுமாயின், சட்டத்தை மதித்தவனே இழப்பிற்கு ஆளாகிறான். 1950-களின் பிற்பகுதியில் உகாண்டாவும் தங்கனீக்காவும் ஐந்தங்குல விதியைக் கைவிட்டன. 1961-இல் கென்யாவும் கைவிட்டது. ங்கேகே மீன் பேரேரியில் அருகி மறையும் நிலையை அடைந்தது. இன்று அது பெரிதும் எஞ்சியிருப்பது கென்யாவின் கன்யபோலி போன்ற, பேரேரியை அடுத்துள்ள சிற்றேரிகளில்தான்.

இரண்டாம் கருத்திற்கு நேர்ந்த கதியோ இதனினும் இரங்கத் தக்கது. நைல் பெர்ச் என்பது ஈராள் தூக்கும் அளவிற்கு வளரக்கூடிய பெருமீன். 200 கிலோ வரை எடையுறும். பிற மீனே அதற்கு உணவு. ஏரியில் நிறைந்திருந்த சிறுமீன்களை உண்டு இது பெருத்தால் மக்களுக்கு நல்ல மீன் கிடைக்கும் என்று அதிகாரிகள் சிலர் எண்ணினர். கூடாது என்று அறிஞர் சிலர் வாதிட்டனர். வாதம் முடியுமுன்பே, 1950-களின் நடுவில், மறைவாக அம்மீன் ஏரியில் விடப்பட்டது. பின்னர் 1962, 1963 ஆண்டுகளில் வெளிப்படையாகவும் விடப்பட்டது. கேட்டு முடிவு செய்ய வேண்டிய ஒன்றைச் செய்து முடித்தபின் கேட்பது எவ்வகை நீதி என்று தெரியவில்லை.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெரிய மாறுதல் தோன்றவில்லை. 1969 முதல் 1971 வரை ஐக்கிய நாடுகளின் உதவியுடன் ஓர் ஆராய்ச்சிக் கப்பல் ஏரியின் அடிப்பகுதியில் இழுவலையை இழுத்து, எங்கு எவ்வகை மீன் எத்துணை உளது என்று அளந்தது. அடிநீரில் வாழும் மீனின் மொத்த எடையில் பத்தில் எட்டுப் பங்கு 'ஃபூலு' எனப்படும் சிறுமீன்களே என்று அப்போது தெரியவந்தது. இவை ஒரே இனமல்ல. ஐந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள். இவ்வேரியில் அன்றி உலகில் வேறெங்கும் காணப்படாதவை மிகப் பல. 1980-களில் நைல் பெர்ச் திடீரெனப் பெருகியது. அதே இடங்களில் மீண்டும் வலையை இழுத்தபோது ஃபூலு மீனைக் காண்பது அரிதாயிற்று. ஏறத்தாழ இருநூறு இனங்கள் அடியோடு அழிந்தன என்று அறிஞர் கருதினர். சில இனங்கள் பின்னர் மீண்டும் தலைகாட்டின. முன்னர் எடுத்த அந்த அளவீடு இல்லாதிருந்தால், எது இருந்தது, எது போயிற்று என்று சொல்லுவதற்கே வழி இராது என்பதை நீங்கள் கருத வேண்டும்.

ஒன்றை நடுநிலையில் நின்று சொல்லுதல் வேண்டும். நைல் பெர்ச்சினால் கேடு மட்டுமே விளைந்தது என்று கரைவாழ் மக்கள் கூறமாட்டார்கள். கிசுமு, முவான்சா, ஜிஞ்சா முதலிய ஊர்களில் மீனைச் சதையாக அரிந்து குளிரூட்டி வெளிநாட்டிற்கு அனுப்பும் ஆலைகள் எழுந்தன. பல்லாயிரவர் கையில் பணம் புழங்கியது. படகு கட்டுவோர், வலை பின்னுவோர், பனிக்கட்டி விற்போர் என்று புதுத் தொழில்கள் பிறந்தன. ஆனால் நல்ல மீன் ஆலைக்குச் சென்றபின், தலையும் எலும்பும் உள்ளூர்ச் சந்தைக்கு வந்தன. அவற்றைப் பொரித்து விற்றுப் பிழைத்த பெண்கள் பலர்.

இவ்வளவு பெரிய மாறுதல் நிகழ்ந்த காலத்தில் மூன்று நாடுகளின் கணக்கு எந்நிலையில் இருந்தது? 1947 முதல் ஜிஞ்சாவில் மூன்று நாடுகளுக்கும் பொதுவான மீன்வள ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருந்தது. 1977-இல் கிழக்காப்பிரிக்கச் சமூகம் என்னும் நாட்டுக் கூட்டமைப்பு உடைந்தது. அதனோடு பொது ஆராய்ச்சியும் முடிந்தது. அதன்பின் ஒவ்வொரு நாடும் தன் கரையைத் தானே எண்ணியது. ஒருவர் எண்ணிய ஆண்டில் மற்றவர் எண்ணவில்லை. ஒருவர் படகை எண்ணினார். மற்றவர் உரிமச் சீட்டை எண்ணினார். மூன்று கணக்குகளையும் கூட்டினாலும் ஏரியின் கணக்கு கிடைக்கவில்லை. நைல் பெர்ச் பெருகிய 1980-களே இக்கணக்கு சிதறிய காலமும் ஆகும்.

1994-ஆம் ஆண்டு சூன் 30-ஆம் நாள் கிசுமு நகரில் மூன்று நாடுகளும் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டு, விக்டோரியா ஏரி மீன்வள அமைப்பை நிறுவின. அதன் தலைமை நிலையம் ஜிஞ்சாவில் உளது. 2000-ஆம் ஆண்டில் முதன்முறையாக மூன்று நாடுகளும் ஒரே காலத்தில், ஒரே படிவத்தைக் கொண்டு, ஏரியின் கரை முழுவதையும் தீவுகளையும் எண்ணின. இரண்டாண்டுக்கு ஒரு முறை இவ்வாறு எண்ணுதல் வேண்டும் என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட நெறி. இதற்குச் சட்டக அளவீடு என்று பெயர். வீட்டிற்கு முதலில் தூணும் உத்தரமும் நிறுத்திப் பின் சுவர் எழுப்புவது போல, மற்ற மீன்வளக் கணக்குகள் எல்லாம் இதன்மேல் எழுப்பப்படுதலால் இப்பெயர் பெற்றது.

எண்ணுவது எளிது என்று நினைத்தல் வேண்டா. முதல் வேலை, எண்ண வேண்டிய துறைகள் எவை என்று அறிதல். ஏரியைச் சுற்றி ஏறத்தாழ 1,500 மீன்துறைகள் உள்ளன. சில, கடைத்தெருவும் படகு கட்டும் கொட்டிலும் உடைய சிற்றூர்கள். சில, நாணற் புதருக்கிடையே நான்கு படகு ஏற்றிவைத்த மணல்திட்டு. நேற்று இருந்த துறை இன்று இராது. மீன் இடம் பெயர்ந்தால் மீனவரும் தகரக் கூரையைக் கழற்றிப் படகில் ஏற்றிக்கொண்டு வேறு தீவிற்குச் சென்றுவிடுவர். 1990-களில் ஆகாயத்தாமரை நீர்முகத்தைப் பாய் விரித்தாற்போல் மூடியபோது, படகு வெளியேற வழியின்றித் துறைகள் செயலற்றுக் கிடந்தன. பின்னர் அக்களையைத் தின்னும் வண்டுகளைக் கொணர்ந்து விட்டும், பிறவாறும் அது பெரிதும் அடக்கப்பட்டது. இதனால் பழைய பட்டியலை நம்பி இருத்தல் இயலாது. ஒவ்வொரு முறையும் பட்டியலைத் திருத்துதல் வேண்டும்.

அடுத்தது, ஒரே நாட்களில் எண்ணுதல். இதன் காரணத்தை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். உகாண்டாக் கரையைத் திங்கட்கிழமையும், கென்யக் கரையை அடுத்த திங்களிலும் எண்ணுவதாகக் கொள்வோம். இடைப்பட்ட நாட்களில் ஐம்பது படகுகள் அங்கிருந்து இங்கு வந்துவிட்டால், அவை இருமுறை எண்ணப்படும். இங்கிருந்து அங்குச் சென்றிருந்தாலோ ஒருமுறையும் எண்ணப்படா. ஆதலால் மூன்று நாடுகளிலும் குறித்த சில நாட்களுக்குள் எண்ணுவோர் அனைவரும் ஒருங்கே துறைகளுக்குச் செல்வர். படகு எந்நாட்டினருடையது என்பது பற்றிய வழக்கு எவ்வாறு இருப்பினும், அது நிற்கும் துறையிலேயே எண்ணப்படும்.

எண்ணுவோர் தலைநகரிலிருந்து வந்திறங்கும் அதிகாரிகள் மட்டும் அல்லர். ஒவ்வொரு துறையிலும் படகுடையோர், படகில் பணியாற்றுவோர், மீன் விற்போர் ஆகியோர் சேர்ந்த துறைக்குழு ஒன்று உளது. அக்குழுவினரின் துணையோடுதான் எண்ணுதல் நடைபெறும். இது அறிவுடைய ஏற்பாடு. வெளியூரான் ஒருவன் கையில் தாளோடு வந்து, "உன்னிடம் எத்தனை வலை உண்டு?" என்று வினவினால், மீனவன் அவனை வரி வாங்க வந்தவனாகவே கருதுவான். உள்ளூரானிடம் மறைப்பது அரிது. கரையிலிருந்து இழுக்கும் கரைவலையும், ஒற்றை நைலான் இழையால் ஆன வலையும், சிறுகண் வலையும் இவ்வேரியில் விலக்கப்பட்டவை. எண்ணுவோர் வருகின்றனர் என்னும் செய்தி எட்டியவுடன் இவை வீட்டுப் பரணுக்கோ புதருக்கோ சென்றுவிடும். ஆதலால் விலக்கப்பட்ட வலைகளைப் பற்றிய எண் எப்போதும் உண்மையினும் குறைந்தே இருக்கும் என்று கொள்வதே பொருத்தம்.

படிவத்தில் கேட்கப்படுவன யாவை? துறையில் உள்ள படகு எத்தனை. அவற்றுள் துடுப்பால் செல்வன எத்தனை, பாயால் செல்வன எத்தனை, இயந்திரம் பூட்டியவை எத்தனை. படகின் நீளம் யாது. ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் தொழில் செய்கின்றனர். செவுள்வலை எத்தனை, அதன் கண் எத்தனை அங்குலம். நீண்ட கயிற்றில் கோத்த தூண்டில் முட்கள் எத்தனை. எந்த மீனை நாடிச் செல்கின்றனர் என்பன. மீனின் பெயரிலும் ஓர் இடர் உண்டு. விரல் நீளமே உள்ள வெள்ளி நிறச் சிறுமீன் ஒன்று இவ்வேரியில் பெருவாரியாகக் கிடைக்கின்றது. தான்சானியர் அதனை 'டகா' என்பர். கென்யர் 'ஒமேனா' என்பர். உகாண்டர் 'முகேனே' என்பர். மூன்று பெயரும் ஒரு பொருளன என்பதை அறியாதவன் கணக்கெழுதினால், ஒரு மீன் மூன்றாகிவிடும். பலபொருள் ஒருசொல்லும் ஒருபொருட் பன்மொழியும் இலக்கணம் கற்பார்க்கே உரியன என்று எண்ணியிருந்தோம். மீன் எண்ணுவார்க்கும் அவை வேண்டியிருக்கின்றன.

இச்சிறுமீனைப் பிடிக்கும் முறை காணத்தக்கது. நிலவில்லாத இரவுகளில் மீனவர் நடுநீருக்குச் சென்று, மிதவைகளின்மேல் விளக்கேற்றி வைப்பர். முன்னர் மண்ணெண்ணெய் அழுத்த விளக்குகள். இப்போது மின்கலத்தால் எரியும் விளக்குகளும் பெருகியுள்ளன. ஒளியை நாடி மீன்கூட்டம் மேலெழும். நுண்கண் வலையைச் சுற்றி வளைத்து அள்ளுவர். கரையிலிருந்து நோக்குவார்க்கு ஏரியின் நடுவே ஒரு நகரம் தோன்றியது போல் இருக்கும். எண்ணுவோன் நள்ளிரவில் துறைக்கு வந்தால் அங்குப் படகே இராது. பௌர்ணமியை ஒட்டி வந்தால் எல்லாப் படகும் கரையில் கிடக்கும். இவ்வளவும் அறிந்தே நாள் குறித்தல் வேண்டும்.

படகையும் ஆளையும் எண்ணுவதோடு பணி முடிவதில்லை. துறையில் உள்ள வசதிகளும் எண்ணப்படுகின்றன. மீனை இறக்கி நிறுக்கக் கூரையிட்ட கொட்டகை உண்டா? படகு அணையப் படித்துறை உண்டா? குடிநீர் உண்டா? கழிப்பிடம் உண்டா? மின்சாரம் உண்டா? குளிர்பதன அறை உண்டா? மழைக்காலத்திலும் வண்டி வரத்தக்க சாலை உண்டா? வலை செப்பனிடவும், படகு பழுது பார்க்கவும் இடம் உண்டா? இவ்வினாக்களைப் படிப்பவர், 'மீன்வள ஆராய்ச்சிக்கும் கழிப்பிடத்திற்கும் யாது தொடர்பு?' என்று ஐயுறலாம். தொடர்பு மிக நெருங்கியது. 1990-களின் இறுதியில் ஐரோப்பிய நாடுகள் இவ்வேரியின் மீனை வாங்குவதை ஒரு முறைக்கு மேல் நிறுத்தின. ஒரு காலத்தில் காலரா நோயைப் பற்றிய அச்சம். 1999-இல், சிலர் பூச்சிமருந்தை நீரில் இட்டு மீன் பிடிக்கின்றனர் என்னும் செய்தி. ஆலைகள் மூடின. நேற்று வரை வாசலில் வண்டி காத்திருக்க விற்ற மீன், இன்று கரையில் கிடந்து அழுகியது. துறையில் தூய நீர் இல்லை, மீனை மண்ணில் போடுகின்றனர், கழிவு ஏரியிலேயே கலக்கின்றது என்பன நேற்று வரை ஊர்க்குறைகளாக இருந்தன. அன்று அவை நாட்டு வாணிகத்தின் குறைகள் ஆயின.

துறைகளை எண்ணியபோது, படித்துறையும் குளிர்பதன அறையும் உடையவை மிகச் சில என்றும், பெரும்பாலானவற்றில் மின்சாரமும் தூய குடிநீரும் இல்லை என்றும் வெளிப்பட்டது. ஆயிரக்கணக்கான மக்கள் திரளும் துறையிலும் கழிப்பிடம் போதிய அளவு இல்லை. ஓரிடத்தில் இது இல்லை என்று வாய்மொழியாக முறையிடுவது வேறு. இன்ன இன்ன துறைகளில் இல்லை என்று பட்டியலிட்டு மூன்று அரசுகளின் முன் வைப்பது வேறு. முன்னது குறை, பின்னது கணக்கு. குறையைக் கேட்டு அதிகாரி தலையசைத்துப் போய்விடலாம்; கணக்கிற்கு அவர் விடை கூறியாக வேண்டும்.

இனி, படகின் எண்ணிக்கையிலிருந்து மீனின் அளவை அறிவது எப்படி என்று பார்ப்போம். எல்லாப் படகின் மீனையும் நாள்தோறும் நிறுப்பது யாராலும் ஆகாது. ஆதலால் சில துறைகளைத் தேர்ந்து, மாதத்தில் சில நாட்களில், சில படகுகளின் மீனை மட்டும் நிறுப்பர். ஒரு கற்பனைக் கணக்கைக் கொள்வோம். ஒரு மாவட்டத்தில் செவுள்வலைப் படகுகள் 400 உள்ளன என்று சட்டக அளவீடு கூறுகின்றது. நாள்தோறும் பத்தில் ஏழு படகுகள் தொழிலுக்குச் செல்கின்றன. நிறுத்துப் பார்த்த படகுகளின் சராசரி மீன்பாடு 30 கிலோ. அவ்வாறாயின் 280 படகுகள் செல்லும். அவற்றின் மீன்பாடு நாளொன்றுக்கு 8,400 கிலோ. இப்போது எண்ணுவோன் சோம்பி 400-ஐ 300 என்று எழுதிவிட்டான் என்க. கணக்கு 6,300 கிலோவாகும். நிறுத்தவன் எவ்வளவு நேர்மையாக நிறுத்திருந்தாலும், நாளொன்றுக்கு 2,100 கிலோ மீன் தாளிலிருந்து மறைந்துவிடும். எண்ணிக்கையில் நேரும் பிழை தன்னோடு நில்லாது. பெருக்கிய பின் அதுவும் பெருகும்.

இவ்வாறு கணக்கிட்டதில், இவ்வேரியில் ஆண்டுதோறும் கிடைக்கும் மீன் ஏறத்தாழ பத்து லட்சம் டன் என்று தெரியவந்துள்ளது. உள்நாட்டு நீர்நிலை ஒன்றிற்கு இது மிகப் பெரிய அளவு. இதற்கு வேறாக, கப்பலிலிருந்து ஒலியை நீருள் செலுத்தி, மீன்கூட்டத்தின்மேல் பட்டு மீளும் எதிரொலியைக் கொண்டு உயிருடன் உள்ள மீனின் அளவை மதிப்பிடும் முறையும் வழக்கில் உளது. பிடித்தது எவ்வளவு என்று துறையிலும், இருப்பது எவ்வளவு என்று நீரிலும் அளந்து, இரண்டையும் ஒப்பிடுவர். வரவு அறியாமல் செலவை மட்டும் எழுதும் கணக்கன் எப்படிப்பட்டவனோ, இருப்பை அளவாமல் பிடிப்பை மட்டும் எழுதும் நாடும் அப்படிப்பட்டதே.

எண்கள் கூறும் செய்தி எளிதில் மகிழத்தக்கது அன்று. 2000-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 42,000 படகுகளும் 1,29,000 மீனவரும் இருந்தனர். 2006-இல் படகுகள் 70,000-ஐ நெருங்கின. மீனவர் தொகை இரண்டு லட்சத்தை நெருங்கியது. ஆறே ஆண்டுகளில் ஏரி ஓர் அடியும் அகலவில்லை. படகுகள் மட்டும் ஒன்றரை மடங்கிற்கு மேல் பெருகிவிட்டன. இயந்திரம் பூட்டியவையும் மிகுந்தமையால், ஒவ்வொரு படகும் முன்னினும் தொலைவு சென்றது. நைல் பெர்ச் 50 சென்டிமீட்டர் நீளத்திற்குக் குறைந்திருப்பின் பிடிக்கலாகாது என்று மூன்று நாடுகளும் விதி செய்துள்ளன. ஆனால் துறையில் நிறுக்கும்போது அதனினும் சிறியன வருவதும் எழுதப்பட்டே வருகின்றது. எழுதுவோர் மறையாது எழுதுகின்றனர் என்பது ஒன்றே இதில் ஆறுதல்.

எல்லைச் சிக்கல் முற்றும் தீர்ந்தபாடில்லை. மிகிங்கோ என்பது கென்யாவும் உகாண்டாவும் சந்திக்கும் நீரெல்லையருகே உள்ள ஒரு பாறைத் தீவு. அரை ஏக்கருக்கும் குறைந்த அதன்மேல் தகரக் குடில்கள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. அதனைச் சூழ்ந்த நீரில் நைல் பெர்ச் மிகுதி. 2000-களில் அத்தீவு யாருக்கு உரியது என்னும் வழக்கு எழுந்து, இரு நாட்டுக் காவலரும் அங்கு வந்து நின்றனர். பாறைக்காக யாரும் வழக்காடவில்லை. பாறையைச் சுற்றியுள்ள மீனுக்காகவே வழக்காடினர். இத்தகைய இடத்திலும் படகும் வலையும் எண்ணப்பட்டாக வேண்டும்.

அண்மைக் காலக் கணக்கில் நைல் பெர்ச்சைக் காட்டிலும் எடையால் மிகுதியாக வருவது, முன்னே சொன்ன விரல் நீளச் சிறுமீனே. மொத்த மீன்பாட்டில் அது பாதிக்கு மேல். ஆலை அதனை நாடுவதில்லை. பெண்கள் அதனைக் கூடையில் வாங்கி, கரையில் பரப்பி உலர்த்தி விற்கின்றனர். மணலில் உலர்த்தினால் மண் ஒட்டும், மழை பெய்தால் அழுகும், அவ்வாறு கெட்டது கோழித் தீவனத்திற்கே போகும், விலையும் குறையும். கழிகளை நட்டு, மேலே வலை விரித்த பரணில் உலர்த்தினால் தூய கருவாடாகி மக்களின் உணவாகும், விலையும் கூடும். படித்துறை, குளிர்பதன அறை ஆகியவற்றோடு, உலர்த்தும் பரண் ஒரு துறையில் எத்தனை உள்ளன என்பதையும் எண்ணுவோர் கேட்டு எழுதிக்கொள்கின்றனர்.